வேற்று மொழியில் பிறந்த நம் நாவல்கள்

(பாலக்காடு, இடுக்கி மாவட்ட எல்லைப் பகுதிகளைச் சேர்ந்த வாசகர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)



மனத்துக்கு உகந்த நாவல்களையும் நாவலாசிரியர்களையும் ஒருவர்க்கொருவர் அறிமுகம் செய்துகொள்வதற்காக நாம் இங்கே கூடியிருக்கிறோம். அறிக்கையும் தீர்மானமும் பேசிப் பழகிய நாம் நாவலுக்கென ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

இத்தகைய கூட்டங்களில் முதலில் எழும் பெயர்கள் எவை என்பதை நான் அறிவேன். கார்க்கியின் 'தாய்' நாவலை ஒருவர் சொல்வார். அதனைத் தமிழாக்கிய தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' நாவலை அடுத்தவர் சொல்வார். கு. சின்னப்ப பாரதியின் 'தாகம்', டி. செல்வராஜின் 'தேநீர்', 'தோல்', உப்பளத் தொழிலாளரைப் பற்றிய ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' ஆகியவையும் தவறாமல் வரும். அவை யாவும் எனக்கும் உகந்தவையே. அவற்றைப் பற்றிப் பேசப் பலர் இருப்பதனால், நான் வேறு மூன்று நாவல்களை எடுத்துக்கொள்கிறேன்.

இம்மூன்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. எந்த மக்களின் வாழ்வை அவை சொல்கின்றனவோ, அந்த மக்களின் மொழியில் அவை எழுதப்படவில்லை. தமிழர் வாழ்வு மலையாளத்தில் எழுதப்பட்டது. தமிழர் வாழ்வு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. மலையாளிகளின் வாழ்வு கன்னடத்தில் எழுதப்பட்டது. எல்லையில் வாழும் நமக்கு இதில் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று கருதுகிறேன்.

சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கங்களிலிருந்தும், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பகுதிகளிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களின் வீட்டு நிலைமையை நான் விளக்கத் தேவையில்லை. பாட்டனுக்குத் தமிழ் எழுத்து தெரியும், மலையாள எழுத்து தெரியாது. பேரனுக்கு மலையாள எழுத்து தெரியும், தமிழைக் கூட்டிப் படிக்கவே தடுமாறுவான். இருவரும் ஒரே தமிழில்தான் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் ஒருவர் படித்த புத்தகத்தை மற்றவரிடம் கொடுக்க முடிவதில்லை. ஒரே வீட்டில் இரண்டு அலமாரிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே வழி இல்லை. நான் பேசப் போகும் நாவல்கள் அந்த வழியைப் பற்றியவை.

முதலாவது, தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்'. 1947இல் மலையாளத்தில் வெளிவந்தது. ஆலப்புழை நகரில் மலம் அள்ளும் தொழிலாளர் குடும்பமொன்றின் மூன்று தலைமுறைக் கதை. பாட்டன் இசக்கிமுத்து, தந்தை சுடலைமுத்து, பேரன் மோகனன். பெயர்களைக் கவனியுங்கள். இசக்கியும் சுடலையும் நெல்லைச் சீமையின், தென்குமரியின் நாட்டார் தெய்வங்கள். மலையாள வாசகரின் செவியில் இப்பெயர்கள் 'இவர்கள் அயலார்' என்று ஒலிக்கின்றன. தமிழ் வாசகரின் செவியில் 'இவர்கள் நம் ஊரார்' என்று ஒலிக்கின்றன. எழுத்து ஒன்றுதான்; மொழி மாறியதும் தூரம் மாறிவிடுகிறது.

இந்நாவலைத் தமிழாக்கியவர் சுந்தர ராமசாமி. தம் எழுத்து வாழ்வின் தொடக்கத்திலேயே இதனை மொழிபெயர்த்தார். விஜயபாஸ்கரன் நடத்திய 'சரஸ்வதி' இதழில் அது தொடராக வந்தது. நூல் வடிவம் பெறப் பல பத்தாண்டுகள் ஆயின. தகழியின் 'செம்மீன்' நாவலையும் அவரே தமிழுக்குத் தந்தார். திரைப்படத்தின் வழியாகச் 'செம்மீன்' எல்லோரையும் சென்றடைந்தது. நம் மக்களின் கதையான 'தோட்டியின் மகன்' அந்த அளவுக்குச் செல்லவில்லை.

சுடலைமுத்து தன் மகன் தோட்டியாகக் கூடாது என்று உறுதி கொள்கிறான். அந்த உறுதியில் குற்றம் காண யாரால் முடியும்? மகனுக்குத் தன் சாதியில் வழங்காத பெயரைச் சூட்டுகிறான். காசு காசாகச் சேர்த்து நகராட்சித் தலைவரிடமே கொடுத்து வைக்கிறான். அந்தப் பணம் அவனுக்குத் திரும்புவதில்லை. தோட்டிகள் சங்கம் அமைக்க முயலும்போது, அதை உடைக்க மேலிடத்தார் பயன்படுத்தும் கருவியாகவும் ஆகிறான். தான் மட்டும் தப்பிவிட வேண்டும் என்று நினைத்தவன் தப்பவில்லை. அவன் மகனும் அதே தொழிலுக்கு வந்து சேர்கிறான். தந்தை விலகி நின்ற கூட்டுப் போராட்டத்தின் வழியில் மகன் நடக்கிறான்.

நம் சங்க அறிக்கை ஒன்றில் சுடலைமுத்துவைக் குறிப்பிட நேர்ந்தால் என்ன எழுதுவோம்? 'நிர்வாகத்துக்குத் துணைபோன சிலரால் சங்கம் பலவீனமடைந்தது' என்று ஒரு வரி எழுதுவோம். அது பொய்யன்று. ஆனால் அந்த 'சிலர்' யார், எந்த அச்சத்தால், எந்த ஆசையால் அப்படிச் செய்தார்கள் என்பதை அறிக்கை சொல்லாது. தகழி சொல்கிறார். சுடலைமுத்துவின் செயலை அவர் நியாயப்படுத்தவில்லை. அவன்மீது நமக்குள்ள அன்பைக் குறைக்கவும் இல்லை. நம் கிளையை விட்டு விலகிச் சென்ற ஒருவரைப் பற்றிப் பேசும் முன்பு இந்த நாவலை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்து 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்த பின்னரும், சாக்கடைக் குழிகளில் இறங்கி மாள்வோர் செய்தி நின்றபாடில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நாவலுக்கு வயதாகிவிட்டது, அது சொல்லும் கொடுமை இன்னும் முதுமை எய்தவில்லை.

இரண்டாவது நாவலின் களம் மலைத்தோட்டத் தோழர்களுக்கு மிக அருகில் உள்ளது. பி.எச். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். அங்கே முதிய தொழிலாளர்கள் சொல்லக் கேட்டவற்றைக் கொண்டு 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலை எழுதினார். 1969இல் அது வெளிவந்தது. கோவை வழக்கறிஞரும் நாவலாசிரியருமான இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். தமிழ் நூல் 2007இல் வந்தது. இடையில் 38 ஆண்டுகள். தம் பாட்டன் பாட்டியின் கதையைத் தம் மொழியில் படிக்க ஒரு மக்கள் கூட்டம் காத்திருந்த காலம் அது. காத்திருக்கிறோம் என்பதையே அவர்கள் அறிந்திருக்கவில்லை என்பதுதான் அதில் உள்ள துயரம்.

நெல்லைச் சீமைச் சிற்றூரில் பஞ்சத்தில் வாடும் கருப்பனும் வள்ளியும், முன்பணமும் நல்வாழ்வும் தருவதாகச் சொல்லும் மேஸ்திரியின் பேச்சை நம்பி மலையேறுகிறார்கள். முன்பணம் கடனாகிறது. கடன் சங்கிலியாகிறது. கணக்கு முடிக்கும் நாளில் பிடித்தங்கள் போக மிஞ்சுவது ஒன்றுமில்லை. குளிரும் அட்டையும் மலேரியாவும் பெண்களின்மீது அதிகாரம் செலுத்துவோரின் கொடுமையும் சேர்ந்து வாழ்வை அரிக்கின்றன. எழுதியவர் மருத்துவர் என்பது நாவலில் துலங்குகிறது. நோயை அவர் விதியின் பக்கம் தள்ளவில்லை. நோய்க்குக் காரணமான குடியிருப்பு, குடிநீர், கூலி எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறார். மூணாறிலும் பீர்மேட்டிலும் லயங்களில் பிறந்து வளர்ந்த தோழர்களுக்கு இது வால்பாறையின் கதையாகத் தோன்றாது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கே ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். கட்சி ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் தமிழாக்குவது என் பணி. ஆவணத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று நிலைபெற்ற கலைச்சொற்கள் உண்டு. 'ரெட் டீ' போன்ற நாவலில் அந்த உதவி கிடைக்காது. கருப்பனும் வள்ளியும் தமிழில்தான் பேசியிருக்க முடியும். அந்தத் தமிழை ஆசிரியர் தம் மனத்துக்குள்ளேயே ஆங்கிலமாக்கி எழுதினார். ஆகவே தமிழாக்குபவர் ஆங்கிலத்தை மட்டும் பெயர்த்தால் போதாது. ஆங்கிலத்துக்கு அடியில் புதைந்து கிடக்கும் பேச்சைத் தோண்டி எடுக்க வேண்டும். இதனை மொழிபெயர்ப்பு என்பதைவிட மீட்பு என்பதே பொருத்தம்.

இந்நாவலைத் தழுவி 2013இல் பாலாவின் 'பரதேசி' திரைப்படம் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டோம், நாவல் எதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். படத்தில் வரும் மருத்துவர் ஆடிப்பாடி மதம் பரப்புபவராகக் காட்டப்படுகிறார். நாவலின் மருத்துவர் தொழிலாளர் பக்கம் நின்று நிர்வாகத்தோடு மோதுபவர். இந்த ஒரு மாற்றம் கதையின் பொருளையே எங்கோ கொண்டுபோய்விடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பேசினால், ஒரு கூட்டத்துக்கு வேண்டிய விவாதம் அதிலேயே கிடைக்கும்.

மூன்றாவது, தமிழ்நாட்டுத் தோழர்கள் பலரும் தம் இளமையில் படித்த 'நினைவுகள் அழிவதில்லை'. 1941 மார்ச்சில் கையூரில் நிகழ்ந்த விவசாயிகள் போராட்டத்தையும், அதற்காக மடத்தில் அப்பு, சிருகண்டன், குஞ்ஞம்பு நாயர், அபூபக்கர் ஆகிய நான்கு தோழர்கள் 1943 மார்ச் 29 அன்று கண்ணூர்ச் சிறையில் தூக்கிலிடப்பட்டதையும் மையமாகக் கொண்ட நாவல். எழுதியவர் கன்னட எழுத்தாளர் நிரஞ்சனா. கன்னடத்தில் 'சிரஸ்மரணே' என்ற பெயரில் 1955இல் வந்தது. தமிழாக்கியவர் பி.ஆர். பரமேஸ்வரன்.

மலையாளம் பேசிய விவசாயிகளின் தியாகம் ஏன் கன்னடத்தில் எழுதப்பட்டது? கையூர் அன்று சென்னை மாகாணத்தின் தென் கன்னட மாவட்டத்தில் இருந்தது. நிரஞ்சனா நீலேஸ்வரத்தில் மாணவராக இருந்தவர். அந்த இயக்கத்தின் மனிதர்களை அருகிருந்து அறிந்தவர். அதுவும் நம் ஊர்களைப் போன்ற ஓர் எல்லைப் பகுதிதான். கன்னடமும் மலையாளமும் துளுவும் ஒரே சந்தையில் ஒலித்த இடம். அங்கே பள்ளிக்கூடம் சென்ற ஒரு மாணவர், தன்னோடு வாழ்ந்தவர்களின் கதையைத் தனக்குக் கைவந்த மொழியில் எழுதினார். 'இது எம் மொழியாரின் கதை அன்று' என்று அவர் ஒதுங்கியிருந்தால், இந்த நாவலே பிறந்திருக்காது.

அந்த நாவலைத் தமிழில் படித்தவர்களுக்கு, தாம் படித்தது மலையாளிகளைப் பற்றிக் கன்னடத்தில் எழுதப்பட்ட நூல் என்பது நினைவில் இராது. அப்புவும் சிருகண்டனும் நம் பக்கத்து ஊர்ப் பையன்களாகவே மனத்தில் தங்கியிருக்கிறார்கள். பல மொழி பேசும் உழைப்பாளிகளை ஒன்றுசேர்ப்பது பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். நாவல் அதைப் பேசாமலேயே செய்துவிடுகிறது.

இம்மூன்று நாவல்களோடு நாலாவது ஒன்றையும் மேசையில் வைக்க விரும்புகிறேன். நமக்கு உடன்பாடில்லாத நூல் என்பதாலேயே வைக்கிறேன். அது ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்'. மலையாளத்தில் 1969இல் நூலாக வந்தது. கசாக்கு என்னும் அந்தக் கற்பனைச் சிற்றூருக்கு மூலமான தஸ்ராக் பாலக்காட்டு நகருக்கு அருகிலேயே இருக்கிறது. கசாக்கின் இராவுத்தர்கள் பேசும் பாலக்காட்டு மலையாளத்தில் தமிழ் கலந்து ஓடுகிறது. யூமா வாசுகியின் தமிழாக்கத்துக்குச் சாகித்திய அகாதமியின் 2017ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு விருது கிடைத்தது.

ஊருக்கு வரும் ஆசிரியர் ஒருவர் மக்களைத் திரட்டிப் போராடும் கதையையே தாம் முதலில் எழுத எண்ணியதாக விஜயன் எழுதியிருக்கிறார். 1956இன் ஹங்கேரி நிகழ்ச்சிகளும் இம்ரே நாகிக்குக் கிடைத்த மரண தண்டனையும் தம் நம்பிக்கையைக் குலைத்ததாகவும் சொல்லியிருக்கிறார். ஆகவே நாவலின் ரவி ஓராசிரியர் பள்ளிக்கு வருகிறான், எவரையும் திரட்டுவதில்லை. தன் குற்ற உணர்வோடும் மரணத்தின் நினைவோடும் அலைகிறான். இந்நூல் சோர்வை வளர்க்கிறது என்று நம் தோழர்கள் சிலர் சொல்வதுண்டு. சொல்லட்டும், படித்துவிட்டுச் சொல்லட்டும். இருபதாம் நூற்றாண்டின் ஒரு முக்கிய எழுத்தாளர் நம்மைவிட்டு ஏன் விலகினார் என்ற கேள்வியை வாசகர் வட்டத்தில் கேட்காவிட்டால் வேறு எங்கே கேட்பது? உடன்படும் நூல்களை மட்டும் பகிர்ந்துகொண்டால் அது வாசிப்பாகாது; ஒருவர் முதுகை மற்றவர் தட்டிக்கொடுப்பதாகவே முடியும்.

இப்போது நம் இடுக்கி மாவட்டத்திலேயே நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடியில், காட்டின் நடுவே தேநீர்க் கடை நடத்திய பெரியவர் ஒருவர் அந்தக் கடையிலேயே ஒரு நூலகத்தையும் நடத்தினார். இதழாளர் பி. சாய்நாத் அங்கே நடந்து சென்று பார்த்து எழுதினார். ஏறத்தாழ 160 நூல்கள், பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர், லலிதாம்பிகா அந்தர்ஜனம் போன்றோரின் படைப்புகள். முதுவர் சமூகத்தார் அவற்றை எடுத்துச் சென்று படித்துத் திருப்பித் தந்தார்கள். அந்த நூல்களுள் ஒன்று சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பு.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். முதுவர்கள் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. அவர்கள் தம்மிடையே பேசும் பேச்சு தமிழுக்கு நெருக்கமானது. மதுரை எரிந்த கதை, சேரநாட்டு மலையில் கண்ணகி தெய்வமான கதை, அவர்கள் கைக்கு மலையாள எழுத்தில் வந்து சேர்ந்தது. சித்திரைப் பௌர்ணமியன்று மங்கலதேவி மலைக்குச் சென்றுவரும் இரு மாநிலத்தாரும் இதை நினைத்துப் பார்க்கலாம். ஒரு காப்பியம் தன் மக்களிடம் திரும்பி வருவதற்கு எந்த எழுத்தில் ஏறி வந்தால் என்ன?

அதனால்தான், 'பிள்ளைகள் மலையாளத்தில் படிக்கிறார்கள், தமிழ் போய்விட்டது' என்ற புலம்பலோடு நின்றுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லைப் பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் காக்கப்பட வேண்டும். தமிழ் ஆசிரியர் இடங்கள் நிரப்பப்பட வேண்டும். நூலகங்களுக்குத் தமிழ் நூல்கள் வாங்கப்பட வேண்டும். இவை மொழிச் சிறுபான்மையினரின் உரிமைகள்; இவற்றுக்காகப் போராடுவோம். அதே நேரத்தில், மலையாளம் படிக்கும் நம் பிள்ளைகளை இழப்பாகக் கருதாமல் பாலமாகக் கருதுவோம். 'தோட்டியின் மகன்' தமிழுக்கு வந்தது, மலையாளம் கற்றுக்கொண்ட ஒரு தமிழர் இருந்தமையால்தான்.

ஆகவே இந்த வட்டத்துக்கு என் யோசனை எளியது. ஒரே நாவலின் தமிழ்ப் படியையும் மலையாளப் படியையும் வாங்குவோம். 'தோட்டியின் மகன்' நாவலிலேயே தொடங்கலாம். பெரியவர் தமிழில் படிக்கட்டும். பேத்தி மலையாளத்தில் படிக்கட்டும். கூட்டத்தில் இருவரும் ஒரே பகுதியை வாய்விட்டு வாசிக்கட்டும். எங்கே சொல் வேறுபடுகிறது, எங்கே ஒரு வசைச்சொல் மென்மையாகிவிட்டது, எங்கே சிரிப்பு தொலைந்தது என்று பேசுங்கள். கதைச் சுருக்கம் சொல்வதைக் கைவிடுங்கள். அது படிக்காதவருக்குப் படித்துவிட்ட மயக்கத்தைத் தரும். எந்த மனிதர் உங்கள் உறக்கத்தைக் கெடுத்தார் என்று சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை அடுத்தவர் கையில் கொடுங்கள். எழுத்தறியாத தோழர்களும் வரட்டும். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் வரதராசனின் பாட்டைத் தோட்டத் தொழிலாளர்கள் காதால் கேட்டுத்தான் நெஞ்சில் பதித்துக்கொண்டார்கள்.

இறுதியாக, இன்னும் எழுதப்பட வேண்டிய நாவல்களைப் பற்றி ஒரு சொல். 2015இல் மூணாறில் தோட்டப் பெண்கள் தாமாகவே திரண்டு தெருவில் அமர்ந்தார்கள். கூலியும் போனசும் கேட்டார்கள். நிர்வாகத்தைக் கேள்வி கேட்டது போலவே தொழிற்சங்கங்களையும் கேள்வி கேட்டார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று தம்மை அழைத்துக்கொண்டார்கள். தமிழ் இலக்கணத்தில் ஒருமை என்றால் ஒன்று. மலையாளத்தில் 'ஒரும' என்றால் ஒற்றுமை. அந்தப் பெயரிலேயே இரு மொழிகளும் கைகோத்து நின்றன. அந்தப் பெண்களுள் ஒருத்தி தலைச்சுமை இறக்கிவைத்துத் தெருவுக்கு நடந்த முதல் நாளில் என்ன நினைத்தாள்? நம் சங்கத்தின்மீது அவளுக்கு ஏன் கசப்பு? இதற்கு விடை எந்த அறிக்கையிலும் முழுமையாக இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் லயங்களின்மீது மலை சரிந்து 70 உயிர்கள் போயின. பல தலைமுறைகள் உழைத்தும் சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாதவர்கள் மண்ணுக்குள்ளேயே போனார்கள். எண்ணிக்கை ஆவணத்தில் இருக்கிறது. அந்த வீடுகளின் பேச்சு எங்கும் இல்லை.

இந்த நாவல்களைத் தகழியோ டேனியலோ நிரஞ்சனாவோ வந்து எழுதப் போவதில்லை. லயத்தில் பிறந்து கல்லூரிக்குச் சென்ற ஒருவர் எழுத வேண்டும். அவர் தமிழில் எழுதினால் மகிழ்வோம். மலையாளத்தில் எழுதினாலும் மகிழ்வோம். அதைத் தமிழாக்கும் வேலையை என்னைப் போன்றோர் ஏற்றுக்கொள்வோம். 38 ஆண்டுகள் காத்திருக்க வைக்க மாட்டோம். அத்தகைய எழுத்தாளர் எங்கிருந்து வருவார்? படித்த நூலைப் பற்றிப் பேச ஓர் இடமும், கேட்க நாலு பேரும் உள்ள ஊரிலிருந்தே வருவார். அந்த இடத்தை இங்கே நாம் உருவாக்கிக் காப்போம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு நாவலோடு வாருங்கள்; கையில் வேறொருவருடைய நாவலோடு வீடு திரும்புங்கள்.